14 ஆமைகளும் ஒரு தீவும்

(பண்ணை நேயர்களுக்காக வானொலியில் நிகழ்த்திய உரை)



ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அப்படியிருக்க, நான் இன்றைக்கு ஆமை வளர்த்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். "கோழி, ஆடு, மாடு எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று, இனி ஆமைதான் பாக்கியா?" என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கதையைக் கேட்டால், கிடா, பெட்டை, முட்டை, அடை, எலி, வெள்ளாடு, சப்பாத்திக்கள்ளி என்று எல்லாமே நமக்குப் பழகின சமாச்சாரமாகத்தான் இருக்கும்.

ஒரு தடவை நிலக்கடலையில் சுருள்பூச்சி பார்க்க ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கொல்லைக்காரர் வீட்டுப் பையன் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் கவிழ்த்தான். முதுகெல்லாம் மஞ்சள் கோடு போட்ட மூன்று நட்சத்திர ஆமைகள். "சார், இதுல ஆண் எது, பெண் எது? சேர்த்து வெச்சா குட்டி போடுமா?" என்று கேட்டான். வயிற்றுப் பக்கம் உள்வாங்கிக் குழிந்து, வாலும் நீளமாக இருந்தால் ஆண்; வயிறு தட்டையாக, வால் குட்டையாக இருந்தால் பெண். குட்டி போடாது, முட்டை போடும். இதைச் சொல்லிவிட்டு, எந்த வரப்பில் எடுத்தாயோ அந்த வரப்பிலேயே சாயங்காலத்துக்குள் விட்டுவிடு என்றேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. "வளர்த்தா என்ன சார் தப்பு?" என்றான். அவனுக்குச் சொன்ன கதைதான் இது. அங்கே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

பசிபிக் சமுத்திரத்தில், தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில் காலாபகோஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டி, எரிமலை கக்கிய கருங்கல் பூமி. 1535-ல் பனாமாவின் பிஷப் ஒருவர் கப்பல் திசை தவறி அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது ராட்சத ஆமைகள். காலாபகோஸ் என்ற பெயரே ஸ்பானிய மொழியில் ஆமையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த ஆமைகளில் ஒரு விசேஷம், தீவுக்குத் தீவு உருவம் மாறும். புல் செழித்த தீவில் ஓடு குண்டாகக் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். புல் இல்லாத வறண்ட தீவில் ஓட்டின் முன்பக்கம் குதிரைச் சேணம் போல மேலே தூக்கியிருக்கும். கழுத்தும் காலும் நீளம். அண்ணாந்து கள்ளிமடலை எட்டிக் கடிக்க வசதி. 1835-ல் சார்லஸ் டார்வின் அங்கே போனபோது, அந்தத் தீவுகளின் துணை கவர்னராக இருந்தவர், ஆமையின் ஓட்டைப் பார்த்தே இது எந்தத் தீவுச் சரக்கு என்று சொல்லிவிடலாம் என்று அவரிடம் சொன்னாராம். நம் சந்தைத் தரகர் மாட்டின் கொம்பையும் திமிலையும் பார்த்து இது காங்கேயம், இது உம்பளாச்சேரி என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

இந்த ஜீவனுக்கு அதன் பொறுமையே எமனாக வந்தது. தீனி இல்லாமல், தண்ணீர் இல்லாமல் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு கிடக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்காரர்கள் இதை விடுவார்களா? உயிரோடு பிடித்துக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒவ்வொன்றாக அறுத்தார்கள். இப்படி அந்தத் தீவுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆமைகள் போயிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய எலியை விட்டுப் போனார்கள். அடுத்த தடவை வரும்போது கறிக்கு ஆகட்டும் என்று வெள்ளாட்டையும் விட்டுப் போனார்கள்.

வெள்ளாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் கேளுங்கள். பிண்டா என்று ஒரு தீவு. 1959-ல் மீனவர்கள் அதில் ஒரு கிடாவையும் இரண்டு பெட்டையையும் இறக்கிவிட்டுப் போனார்கள். நரி கிடையாது, சிறுத்தை கிடையாது, வெட்டித் தின்ன ஆளும் கிடையாது. பதினைந்து வருஷத்துக்குள் 30,000, 40,000 என்று ஆகிவிட்டது. தீவு மொட்டை. ஆமைக்கு மேய்ச்சலும் இல்லை, நிழலும் இல்லை. 1971-ல் நத்தையை ஆராய அந்தத் தீவுக்குப் போன ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஒருவர் கண்ணில் ஒரே ஒரு ஆண் ஆமை தென்பட்டது. அடுத்த வருஷம் அதைப் பிடித்து வந்து பாதுகாத்தார்கள். அதற்கு ஜோடியாக ஒரு பெண் ஆமை அந்தத் தீவில் கடைசி வரை கிடைக்கவில்லை. 'தனிமை ஜார்ஜ்' என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். பக்கத்துத் தீவுப் பெண் ஆமைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். 2008-லும் 2009-லும் அவை முட்டையிட்டன, எல்லாம் கூமுட்டை. 2012 ஜூன் 24-ந் தேதி காலையில், நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்ட ஃபவுஸ்டோ யெரேனா என்ற காவலர் பட்டிக்குள் போனபோது ஜார்ஜ் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கழுத்தை நீட்டியபடி செத்துக் கிடந்தது. அதோடு பிண்டாத் தீவு ஆமை இனம் முடிந்தது.

நான் சொல்ல வந்தது ஜார்ஜின் கதை அல்ல. அதே சமயத்தில் கிட்டத்தட்ட அதே கதிக்கு வந்து, தப்பித்த ஒரு இனத்தின் கதை.

எஸ்பன்யோலா என்பது தென்கிழக்குக் கோடியில் இருக்கும் தீவு. சுமார் 60 சதுர கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் இல்லாத வறண்ட பூமி. அதில் சேண ஓட்டு ஆமைகள். 1959-ல் ஈக்வடார் அரசு இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1964-ல் சாந்தா குரூஸ் தீவில் டார்வின் பெயரில் ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். அங்கிருந்து ஆட்கள் எஸ்பன்யோலாவை அலசினார்கள். 1963-லிருந்து 1974 வரை தேடித் தேடிக் கிடைத்தது மொத்தம் 14 ஆமைகள். 12 பெண், 2 ஆண். அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை அவர்கள் கவனித்தார்கள். சில பெண் ஆமைகளின் முதுகு ஓட்டில் கல்பாசி படர்ந்திருந்தது. ஆண் ஆமை ஏறி உராய்ந்திருந்தால் அந்த இடத்தில் பாசி பிடித்திருக்காது. அப்படியானால் எத்தனையோ வருஷமாக ஆணும் பெண்ணும் சந்திக்கவே இல்லை! 60 சதுர கிலோமீட்டரில் 14 உருப்படி. ஆமையோ நிதானமாக நடக்கிற ஜாதி. ஒன்று தெற்கு மூலையில் கள்ளி நிழலில், இன்னொன்று வடக்கு மூலையில். உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் இனம் செத்துக்கொண்டிருக்கிறது. இங்கேதான் 'கூட்டமாக வைத்து வளர்ப்பது' என்ற யோசனை வருகிறது. பதினாலையும் ஒன்று விடாமல் பிடித்துப் படகில் ஏற்றி சாந்தா குரூஸ் கொண்டுவந்து, எரிமலைக் கல்லை அடுக்கித் தாழ்வான சுவர் எழுப்பின பட்டிக்குள் விட்டார்கள். தீவில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. துணிச்சலான காரியம். பட்டியில் ஒரு நோய் நுழைந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். ஆனால் விட்டு வைத்திருந்தாலும் போயிருக்கும்.

சரி, பட்டியில் போட்டாயிற்று. உடனே முட்டை வந்துவிடுமா? புதுக் கொட்டகைக்கு மாற்றின கோழியே பத்து நாள் முட்டை போடாமல் முரண்டு பிடிக்கிறது. பெண் ஆமைக்கு மண் பிடிக்க வேண்டும். பின்னங்காலால் பறித்து ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். மண் இறுகியிருந்தால் தன் மூத்திரத்தை விட்டே இளக்கிக்கொள்ளும். நாலைந்து முட்டை இட்டு, ஈர மண்ணைக் குழைத்து மேலே மூடி போட்டு மெழுகி வைக்கும். கல் பூமியில் இதற்கு வழியேது? ஆகவே பட்டிக்குள் முட்டையிட மென்மையான மண் போட்ட இடம் வேண்டும். தீனி அளவாக இருக்க வேண்டும். தினமும் கொட்டக் கூடாது, வாரத்தில் மூன்று நாள் தழை போட்டால் போதும். ஆண்களைக் கண்ட இடத்தில் சேர்த்து விட்டால் சண்டை. அந்தச் சண்டையும் வேடிக்கைதான். முட்டிக்கொள்வதைவிட, இரண்டும் எதிரெதிரே நின்று கழுத்தை நீட்டும். எதன் தலை உயரமோ அதுதான் ஜெயித்தது. குட்டையானது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். (நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் இந்த முறை வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார்.)

1971-ல் முதல் குஞ்சுகள் வெளியே வந்தன.

அடை வைக்கிற விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது கோழிக்காரர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கும். கோழி முட்டைக்கு 21 நாள். தினம் பல தடவை திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆமை முட்டைக்கு நேர் எதிர். குழியில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அந்தப் பக்கம் கடைசி வரை மேலேயே இருக்க வேண்டும். திருப்பினால் கரு செத்துப்போகும். அதனால் குழியிலிருந்து எடுக்கும்போதே பென்சிலால் தலைப்பக்கத்தில் அடையாளம் போட்டுத்தான் எடுப்பார்கள். பொரிப்பானுக்குள் சுமார் நாலு மாதம்.

அடுத்தது இன்னும் ஆச்சரியம். கோழியில் சேவலா பெட்டையா என்பது முட்டை உருவாகும்போதே முடிந்து போன விஷயம். இந்த ஆமையிலோ சூடுதான் தீர்மானம் பண்ணுகிறது. பொரிப்பானில் 28 டிகிரி சென்டிகிரேடு வைத்தால் பெரும்பாலும் ஆண். 29.5 டிகிரி வைத்தால் பெரும்பாலும் பெண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம்! ஆரம்ப வருஷங்களில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு, பெண் அதிகமாக வரும்படி சூட்டை வைத்துக்கொண்டார்கள். மந்தையைப் பெருக்க வேண்டுமானால் கிடா எத்தனை வேண்டும், பெட்டை எத்தனை வேண்டும் என்பது ஆடு வளர்க்கிற உங்களுக்குத் தெரியாததா?

பொரித்த குஞ்சை உடனே வெயிலில் விட மாட்டார்கள். இயற்கையில் அது மண்ணுக்கடியிலேயே சில வாரம் கிடந்து, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உறிஞ்சித் தீர்த்துவிட்டுத்தான் மேலே வரும். ஆகவே இருட்டுப் பெட்டியில் சில வாரம் வைத்துப் பிறகு எலி நுழையாத கூண்டுக்கு மாற்றுவார்கள். அங்கே நாலைந்து வருஷம். ஓடு கெட்டிப்பட்டு, எலி கடித்தால் எலிக்குத்தான் பல் போகும் என்ற நிலை வந்த பிறகே தீவுக்கு அனுப்புவது. எலி விஷயத்தில் அவர்களுக்குப் பின்சோன் என்ற இன்னொரு தீவு பாடம் கற்றுக்கொடுத்திருந்தது. அங்கே பெரிய ஆமைகள் இருந்தன, முட்டையும் இட்டன, ஆனால் பிறந்த குஞ்சையெல்லாம் எலி தின்று, பல பத்தாண்டுகளாக ஒரு இளம் ஆமையைக்கூடக் காணோம். 1965-லிருந்து அந்த முட்டைகளை எடுத்து வந்து பொரித்து, வளர்த்துத் திரும்ப விட்டார்கள். 2012-ல் எலியை ஒழித்தார்கள். 2014 கடைசியில் அந்தத் தீவிலேயே பொரித்த குஞ்சுகளைக் கண்ணால் பார்த்தார்கள்.

எஸ்பன்யோலா ஆமைகளுக்கு ஆண் பற்றாக்குறை இருந்தது. பட்டியில் இருந்த இரண்டும் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை என்று நினைத்தார்கள். உலகத்தில் வேறு எங்காவது இந்தத் தீவு ஆமை இருக்கிறதா என்று தேடியபோது, அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் ஒரு ஆண் அகப்பட்டது. எத்தனையோ வருஷத்துக்கு முன் யாரோ பிடித்துக்கொண்டு போனது. ஜனங்கள் வேடிக்கை பார்க்க அங்கே காலம் தள்ளிக்கொண்டிருந்தது. 1970-களின் பிற்பாதியில் அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயரும் டியேகோ என்றே ஆயிற்று. வந்த வேகத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. சுமார் 80 கிலோ எடை, நீண்ட கழுத்து, சத்தமான சுபாவம். பத்திரிகைக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? தன் இனத்தையே காப்பாற்றிய வீரன் என்று உலகம் பூராவும் எழுதினார்கள். 800 குட்டிகளுக்குத் தகப்பன் என்றார்கள்.

பிறகு ரத்தத்தை எடுத்துப் பரம்பரைச் சோதனை செய்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. டியேகோவின் பங்கு சுமார் 40 சதவிகிதம். கிட்டத்தட்ட மீதி 60 சதவிகிதமும் இன்னொரு ஆணுடையது. பெயர்கூட வைக்காமல், 'ஈ-5' என்று நம்பர் போட்ட ஒரு கிழ ஆமை. அது கூச்ச சுபாவம். ஆள் பார்க்கும்போது ஒன்றும் செய்யாது. மூன்றாவது ஆணின் பங்கு ஒன்றுமே இல்லை என்கிற அளவு. சுறுசுறுப்பு இல்லை என்று மதிப்புப் போட்டவர்கள் பட்டியை ராத்திரியில் பார்க்கவில்லை போலிருக்கிறது!

இந்த இடத்தில் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஊரில், ஆறு வருஷமாகக் கிடா மாற்றாத ஒரு மந்தையைப் பார்த்தேன். குட்டிகள் நோஞ்சான், பாதி தங்கவில்லை. தாயும் மகளும் பேத்தியும் எல்லாம் அந்த ஒரே கிடாவுக்கு. கிடாவை மாற்றச் சொன்னேன். அடுத்த ஈற்றில் குட்டிகள் தேறின. எஸ்பன்யோலாக்காரர்கள் அப்படி மாற்ற முடியாது. மொத்த இனமே 15 உருப்படியின் வாரிசு. வெளி ரத்தம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நாளைக்கு ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தாக்கும் என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது. இருப்பதை வைத்துக்கொண்டுதான் குடித்தனம் பண்ண வேண்டும்.

1975-ல் முதல் தவணையாக 17 இளம் ஆமைகளைத் தீவில் விட்டார்கள். அப்போது அங்கே வெள்ளாடு முழுக்கத் தீரவில்லை. காவலர்கள் துப்பாக்கியோடு அலைந்து 1978-ல்தான் கடைசி ஆட்டை முடித்தார்கள். பின்னால் மற்றத் தீவுகளிலும் இதே வேலை நடந்தது. 1997-லிருந்து 2006 வரை இசபெலா, சாந்தியாகோ தீவுகளில் ஒழித்த ஆடுகள் 1,40,000-க்கு மேல். கடைசியில் ஒளிந்திருந்த ஆடுகளைப் பிடிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். பெட்டை ஆட்டின் கழுத்தில் ரேடியோக் கருவி கட்டி விடுவது. அது தன் கூட்டத்தைத் தேடிப்போய்ச் சேர, பின்னாலேயே வேட்டைக்காரர்கள் போவது. ஆடு வளர்த்துப் பிழைக்கிற உங்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆட்டின் மேல் என்ன தப்பு? மேய்ப்பவன் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டுப் போனவன் செய்த தப்பு அது.

வருஷா வருஷம் குட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ராட்சத ஆமை பருவத்துக்கு வர இருபது, இருபத்தைந்து வருஷம் ஆகும். 1990-ஐ ஒட்டித் தீவிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன. மொத்தத்தில் 1,900-க்கு மேல் குட்டிகளை அனுப்பியிருக்கிறார்கள். 2014-ல் வந்த ஒரு ஆய்வு, அதுவரை விட்டதில் ஏறத்தாழ பாதி உயிரோடு இருக்கிறது என்றது. வறண்ட தீவில் அது நல்ல கணக்குத்தான்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஆடு போனதும் தீவு பழையபடி ஆகிவிடவில்லை. ஆடு கள்ளியைத் தின்று தீர்த்த காலி இடத்தில் கட்டைச் செடிகள் புதராக மண்டிவிட்டன. கள்ளியோ மெதுவாக வளர்கிற சாதி. ஆமை நடந்து போகப் பாதை இல்லை. தின்னக் கள்ளி போதவில்லை. தரிசில் சீமைக்கருவேலை மண்டின பிறகு மேய்ச்சலை மீட்கப் பாடுபட்டவர்களுக்கு இது புரியும். இப்போது அங்கே கள்ளிக் கன்று நட்டுக் கூண்டு கட்டித் தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். நாம் வரப்பிலிருந்து வெட்டி எறிகிற சப்பாத்திக்கள்ளியின் தாயாதிதான் அது!

அந்தப் பையனின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. வளர்த்தால் என்ன தப்பு? டார்வின் நிலையத்திலும் பூங்காவிலும், தீவுவாசிகள் வீட்டில் செல்லமாக வளர்த்து ஒப்படைத்த ஆமைகள் இருக்கின்றன. அவை எந்தத் தீவிலிருந்து வந்தவை என்று பலவற்றுக்குத் தெரியாது. தெரியாததால் கண்ட தீவில் விட முடியாது. எந்த மந்தையிலும் சேர்க்க முடியாது. பெரும்பாலும் ஆயுசு முழுக்கப் பட்டியில்தான். நம் நட்சத்திர ஆமைக்கும் அதே கதைதான் நடக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத், ராஜஸ்தான், இலங்கை என்று வெவ்வேறு இடத்து ஆமைகளைக் கடத்தல்காரர்கள் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள்; சென்னை விமான நிலையத்திலேயே எத்தனையோ தடவை பிடித்திருக்கிறார்கள். பிடித்த பிறகு, எந்த ஊர் வரப்பில் கொண்டுபோய் விடுவது? 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2022-ல் திருத்தம் செய்து புலி, யானை இருக்கிற முதல் அட்டவணைக்கே இதை உயர்த்திவிட்டார்கள். 2019-லிருந்து உலக நாடுகளுக்கிடையே வியாபாரத்துக்கும் தடை. ஆகவே இன்றைக்கு ஆமை புகுந்த வீட்டுக்குள் பின்னாலேயே அமீனாவும் வருவார்! கொல்லையில் கண்டால் களைக்கொத்து படாமல் ஒதுக்கிவிட்டுப் போங்கள். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

2020 ஜனவரியில், எஸ்பன்யோலா ஆமைகளைப் பட்டியில் வளர்க்கும் வேலை போதும் என்று அறிவித்தார்கள். தீவில் அப்போது 2,000-க்கு மேல் ஆமைகள். மூல மந்தையான 15-ஐயும் ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் சில மாதம் தனியாக அடைத்து வைத்தார்கள். வயிற்றில் சாந்தா குரூஸ் செடிகளின் விதை இருந்தால் சாணியோடு போய் அங்கே முளைத்துவிடுமே! கருவேலங்காய் தின்ற ஆடு கண்ட இடத்தில் புழுக்கை போட்டு விதைக்கிற மாதிரி.

ஜூன் மாதம் படகில் ஏற்றினார்கள். 12 பெண், 3 ஆண். கரையிலிருந்து உள்ளே கள்ளி இருக்கிற இடம் வரை காவலர்கள் அவற்றை முதுகில் கட்டிச் சுமந்து போனார்கள். இறக்கி விட்டதும் டியேகோ கழுத்தை வெளியே நீட்டி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் நடந்து போயிற்று. ஈ-5-ம் போயிற்று, அதை யாரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை.